விருப்பத்திலிருந்து பிறக்கும் சூப்பர் பவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலை டச்பே கடற்கரையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு நான் ஒரு விளையாட்டு விளையாடுகிறேன். நான் சித்திரம் படிப்பிக்கிற ரீச்சர். விளையாட்டு இதுதான்: ஆளுக்கு ஒரு சூப்பர் பவரைக் கற்பனை செய்யவேண்டும்; அது அவரவர் மனசுக்கு ஆகப் பிடித்த விஷயத்திலிருந்து வந்ததாக இருக்கவேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மா அப்பாமாரும், கையில் கச்சான் சுருளோடு பக்கத்தில் வந்து குந்துகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பறப்பது, மறைவது, மின்னலாய் ஓடுவது எல்லாம் ஏன் கூடாது?

கூடாது என்று இல்லை. முதல் நாள் வரும் எல்லாப் பிள்ளையும் அதைத்தான் கேட்கும். "ரீச்சர், எனக்குப் பறக்க வேணும்." சரி, பறந்து எங்கே போவாய் என்று கேட்பேன். "சும்மா, மேலே." மேலே போய் என்ன செய்வாய்? அதோடு கதை நின்றுவிடும். படத்தில் பார்த்த சக்தி அது. அதற்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் ஒரு தொடர்பும் இல்லை.

ஒரு பிள்ளை மட்டும் வேறு மாதிரிச் சொன்னாள். பறந்து புறாத்தீவுக்குப் போகவேண்டுமாம். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்தான், வள்ளத்திலேயே போகலாமே என்று கேட்டேன். வள்ளத்தில் ஆட்கள் போய் இறங்கியதும் புறாக்கள் எழும்பிப் போய்விடுகின்றன, அவை பாறை இடுக்கில் கூட்டோடு எப்படி இருக்கும் என்று பார்க்க முடியவில்லை என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவளுக்கு வேண்டியது சிறகு இல்லை என்று. அரை மணித்தியாலம் கதைத்த பிறகு அவளே தன் சக்தியைக் கண்டுபிடித்தாள். அவள் அசையாமல் இருக்கும் வரைக்கும் எந்தப் பறவையும் அவளை ஒரு மனிசியாக எண்ணாது. கல் என்றோ செடி என்றோ எண்ணிக்கொள்ளும். தும்மினால் எல்லாம் கலைந்துவிடும். இதே சக்தியை வேறு யாருக்காவது கொடுத்துப் பாருங்கள், ஒரு நாளில் அலுத்துப்போகும். அவளுக்கோ ஒரு ஆயுள் காணாது.

எனக்கு அப்படி ஆழமான விருப்பம் எதுவும் இல்லையே?

பெரியவர்கள்தான் இதைக் கேட்பார்கள். பிள்ளைகள் கேட்டதே இல்லை. "உங்களுக்கு என்ன பிடிக்கும்" என்று நேரே கேட்டால் நமக்கு வாயடைத்துப் போகிறது. பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதிய பொழுதுபோக்குகள்தான் ஞாபகத்துக்கு வரும்: தோட்டம் செய்தல், முத்திரை சேர்த்தல். அதனால் நான் சுற்றி வளைத்துக் கேட்பேன். மற்றவர்கள் பிழையாகச் செய்தால் உங்களால் பொறுக்க முடியாத விஷயம் எது? புதிதாக ஒரு வீட்டுக்குள் போனால் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது? நீங்கள் வாயைத் திறந்ததும் வீட்டில் உள்ளவர்கள் "ஐயோ, தொடங்கியாச்சு" என்று சொல்லும் விஷயம் என்ன?

உப்புவெளியிலிருந்து மகனைக் கூட்டிவரும் ஒரு அம்மா, "எனக்குச் சமையலும் வீடும்தான், வேற என்ன" என்றார். பிழையாகச் செய்தால் பொறுக்காதது எது என்று கேட்டதும் முகமே மாறிவிட்டது. மண்சட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது! சட்டி சவர்க்காரத்தைக் குடித்துவிட்டு அடுத்த கறியில் கக்கும் என்று கால் மணித்தியாலம் சொன்னார். புதுச்சட்டியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட வேண்டும். பிறகு கஞ்சித்தண்ணீர் ஊற்றி மெல்லக் கொதிக்கவிட வேண்டும். மீனுக்கு ஒரு சட்டி, மரக்கறிக்கு ஒரு சட்டி, ஒன்றை ஒன்றுக்கு மாற்றவே கூடாது. அவருடைய அம்மாவின் மீன்சட்டி எத்தனையோ வருஷம் உழைத்ததாம். அதன் உட்புறம் வழவழவென்று கல்லை உரைத்த மாதிரி இருக்குமாம். இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் தன் மடிக்கு மேலே குவித்துப் பிடித்திருந்தார். விரல்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி சரியாக ஒரு சட்டியின் அகலம். இல்லாத சட்டியின் விளிம்பைப் பெருவிரல் தடவிக்கொண்டே இருந்தது.

விருப்பமே இல்லை என்று சொன்னவர் இவர்தான்.

அவருடைய சக்தியை மூன்று கிழமையாகச் செதுக்கினோம். எந்த மண்சட்டியின் உட்புறத்தையும் உள்ளங்கையால் தடவினால் அதில் இதுவரை சமைத்த கறிகள் கடைசியிலிருந்து முதல்வரை அவருடைய நாக்கில் வரும். நேற்று வைத்த கறி உறைப்பும் புளியுமாகத் தெளிவாய் வரும். பின்னால் போகப்போக மங்கி, முதன்முதல் வைத்த கறி ஒரு வாசமாக மட்டும் வந்துபோகும். உடைந்த சட்டி என்றால் ஒரு ஓட்டுத்துண்டு போதும்.

இதில் எனக்குப் பெரிய சந்தோஷம் தந்தது வேறொன்று. மெருகு பூசாத மண்பாத்திரம் கொழுப்பை உறிஞ்சி ஆயிரக்கணக்கான வருஷம் தனக்குள் வைத்திருக்கும். தொல்லியல் ஆய்வாளர்கள் பழைய ஓட்டிலிருந்து அந்தக் கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதில் பால் காய்ச்சினார்களா மீன் சமைத்தார்களா என்று சொல்லுகிறார்கள். அடுத்த ஞாயிறு இதை அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "அது உறிஞ்சும் எண்டு நான் சொன்னனான்தானே ரீச்சர்" என்றார்.

விருப்பத்தைச் சக்தியாக மாற்றுவது எப்படி?

ஒரு பெடியனின் கதையைச் சொன்னால் விளங்கும். பதினொரு வயது. திமிங்கிலம் என்றால் உயிர். திருகோணமலையில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான். உலகத்திலேயே ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம்முடையது. துறைமுக வாயிலிலிருந்தே கடலுக்கடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகிறது. அதனால்தான் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துபோகின்றன.

அவன் ஒரேயொரு தரம் மாமாவின் வள்ளத்தில் திமிங்கிலம் பார்க்கப் போனான். போகும் வழியெல்லாம் சத்தி எடுத்தான். கடைசியில் தூரத்தில் ஒரு வால் தெரிந்து மறைந்ததாம். "அவ்வளவுதான் ரீச்சர். வால் மட்டும்."

முதலில் அவன் கேட்டது திமிங்கிலமாக மாறும் சக்தி. சரி, மாறு, என்ன செய்வாய்? நீந்துவேன். அப்புறம்? மற்றத் திமிங்கிலங்களோடு கதைப்பேன். என்ன கதைப்பாய்? அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் கதைக்கத் தேவையில்லை. அதுகள் கதைக்கிறதைக் கேட்டால் காணும்" என்றான். அந்த இடத்தில் பிடித்துக்கொண்டோம். மாறவும் வேண்டாம், நீந்தவும் வேண்டாம், கேட்கவேண்டும்.

அடுத்தது, கேட்க முடியாமல் இப்போது எது தடுக்கிறது என்று தேடினோம். இந்த இடத்தில் உண்மையான விவரம் வேண்டும், இல்லாவிட்டால் சக்தி வெறும் பேச்சாகிவிடும். நமது காது செக்கனுக்கு ஏறக்குறைய இருபது அதிர்வுக்குக் கீழே எதையும் கேட்காது. நீலத் திமிங்கிலத்தின் குரல் அந்த எல்லையை ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் போகிறது. அது பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் நமக்குக் கேட்காமல் போகலாம்; நெஞ்சு அதிர்வதுபோல இருக்கலாம். தண்ணீரில் சத்தம் செக்கனுக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். பெடியன் மணலில் விரலால் கணக்குப் போட்டான். பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒன்று கூப்பிட்டால் பத்தே செக்கனில் அவனிடம் வந்து சேரும். அவன் அந்தப் பத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தான். அலை வந்து அழிக்கும்வரை எங்களை மிதிக்க விடவில்லை.

பிறகு எல்லை. காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும்தான் கேட்கும். குழாய், சிலிண்டர் எதுவும் வைக்கக்கூடாது, அவனுடைய சொந்த மூச்சு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். அன்றைக்கே அளந்து பார்த்தான்: முப்பத்தெட்டு செக்கன். "ஒரு கூப்பாடு முப்பத்தெட்டு செக்கனைவிட நீளமாக இருந்தால்?" என்று அவனுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டான். (மூச்சுப் பிடிக்கும் பயிற்சியைத் தனியாகத் தண்ணீருக்குள் செய்யவே கூடாது. கரையில் குந்திக்கொண்டு, பக்கத்தில் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டுதான் செய்கிறான். எல்லாப் பிள்ளைக்கும் இதைச் சொல்லியே விடுகிறேன்.)

கடைசியில் விலை. கடலுக்குள் எவ்வளவு நேரம் கேட்டானோ, கரைக்கு வந்தபின் அவ்வளவு நேரத்துக்கு மனிதர் பேசுவது அவனுக்கு விளங்காது. அம்மா கூப்பிட்டாலும் வெறும் ஓசைதான். இதை அவனாகவே வைத்தான்.

எல்லையும் விலையும் எதற்கு? சக்தி என்றால் தாராளமாக இருக்கட்டுமே?

எல்லை இல்லாத சக்தியைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் யாராலும் கற்பனை செய்ய முடிவதில்லை. இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

பழைய சுவர் என்றால் நின்றுவிடும் ஒரு பிள்ளை இருக்கிறாள். கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை பிரட்றிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகிறது. எல்லாரும் உள்ளே புள்ளிமான் பார்க்க ஓடுவார்கள். இவள் வாசல் கல்லில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். 1620களில் போர்த்துக்கேயர் மலைமேல் இருந்த பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள் என்பது நமது ஊரில் எல்லாருக்கும் தெரியும். வாசல் கல்லில் தமிழ் எழுத்தும் கயலும் இன்றைக்கும் இருக்கின்றன. இவள் கேட்ட சக்தி, கல்லைத் தொட்டால் அது முன்பு எங்கே இருந்தது என்று தெரியவேண்டும்.

முதல் நாள் எல்லையே வைக்கவில்லை. ஊரில் உள்ள எல்லாக் கல்லும் எல்லாவற்றையும் சொல்லும். பத்து நிமிஷத்தில் "பிறகு என்ன ரீச்சர்?" என்று கேட்டாள். அடுத்த கிழமை இரண்டு எல்லை வைத்தாள். ஒரு நாளைக்கு ஒரேயொரு கல். அந்தக் கல்லின் முகம் எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கத்தில் நடந்ததைத்தான் அது காட்டும். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானாகவே சொன்னாள்: "அப்ப சுவருக்கு உள்ள இருக்கிற கல்லைத் தொட்டால் நானூறு வருஷ இருட்டுத்தான் தெரியும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்குப் பிறகு அவள் எந்தச் சுவரைக் கண்டாலும் எந்தக் கல் வெளியே பார்த்தது, எது திருப்பி வைக்கப்பட்டது, எதில் உளி பட்ட வரி இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்க்கிறாள். ஒரு நாளைக்கு ஒன்றுதானே, பிழையான கல்லைத் தொட்டுவிடக்கூடாது.

விலையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லுகிறேன். விருப்பம் எந்தப் பக்கமோ விலையும் அந்தப் பக்கத்தில் இருந்தால்தான் பொருந்தும். கேட்கிறவனுக்குக் காதில், ருசிக்கிறவருக்கு நாக்கில். பேசாமல் "தலையிடி வரும்" என்று வைத்தால் அது பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் படங்களிலிருந்து வந்த பழக்கம்தானே?

இல்லை. அணுவைப்போலச் சிறுத்துப்போவது அணிமா, மலைபோலப் பெருப்பது மகிமா, காற்றைப்போல இலேசாவது இலகிமா, அசைக்க முடியாதபடி கனத்துப்போவது கரிமா என்று எட்டுச் சித்திகளுக்குப் பெயர் வைத்துப் பட்டியல் போட்டது நம்முடைய ஆட்கள். அந்தச் சித்திகள் யாருக்கும் வானத்திலிருந்து விழவில்லை. ஒன்றையே நினைத்து வருஷக்கணக்காக இருந்தவர்களுக்கு வாய்த்ததாகத்தான் சொல்லுகிறார்கள். இராவணன் தாயின் கிரியைக்குத் தண்ணீர் வேண்டி ஏழு தரம் நிலத்தில் குத்தினான், அதுதான் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறும் என்ற கதையைப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்த ஏழிலும் ஏழு விதமான சூடு.

எனக்கு ஆகப் பிடித்தது சம்பந்தர். கோணமலைக்கு ஒரு முழுப் பதிகம் பாடியவர் இந்தக் கடலைத் தாண்டி வரவில்லை. இராமேசுவரத்தில் நின்றுகொண்டே பாடினார் என்று பெரியபுராணம் சொல்லுகிறது. அந்தப் பதிகத்தில் கடல் முழங்குகிறது, அலை முத்தைக் கொழித்துக் கரையில் போடுகிறது. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும், பாறையில் அலை அடித்துத் திரும்பும்போது தண்ணீர் உண்மையாகவே மணி மணியாகச் சிதறும். அன்பு வைத்தவருக்கு அது அங்கிருந்தே தெரிந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் இதுதான்.

உண்மையில் நடக்கக்கூடியது ஏதும் இதில் உண்டா?

உண்டு. இதில் நான் கொஞ்சம் நீளமாகவே கதைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்து, மியன்மார்க் கடற்கரைகளில் மோக்கன் என்ற கடல்வாழ் மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கண்ணாடி போடாமல் தண்ணீருக்கடியில் சிப்பியும் கடலட்டையும் பொறுக்குகிறார்கள். நாம் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கித்தானே தெரியும்? அந்தப் பிள்ளைகளுக்கு ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நுணுக்கமாகத் தெரிகிறது என்று சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அளந்து 2003இல் வெளியிட்டார்கள். கண்மணியை முடிந்தமட்டும் சுருக்கிப் பார்க்கிறார்கள், அதுதான் வித்தை. சுவீடன் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் அது வந்தது.

இன்னொன்று. கண் தெரியாத சிலர் நாக்கால் "டிக், டிக்" என்று சத்தம் போட்டு, அது திரும்பி வருவதைக் கேட்டே முன்னால் மரமா சுவரா வாகனமா என்று சொல்லுகிறார்கள். எண்ணெய்த் திமிங்கிலம் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, வெளிச்சமே இல்லாத இடத்தில் கணவாய் தேடுவதும் இதே முறையில்தான். அப்படிப் பழகியவர்கள் எதிரொலியைக் கேட்கும்போது மூளையில் பார்வைக்கென்று உள்ள பகுதி வேலை செய்வதை 2011இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. திமிங்கிலப் பெடியனிடம் இதைச் சொன்ன அன்று அவன் வீடுவரைக்கும் நாக்கைத் தட்டிக்கொண்டே போனானாம்.

நமது ஊரிலேயே பாருங்கள். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, கழுத்தில் படும்போதே இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கரைவலை இழுக்கும்போது கயிற்றின் கனத்தை வைத்தே வலைக்குள் என்ன கிடக்கிறது என்று சொல்லும் ஒரு ஐயாவை நான் பார்த்திருக்கிறேன். "சூடை, கொஞ்சம்தான்" என்றார். வலையின் மடி கரைக்கு வந்தபோது சூடை மீன்தான், கொஞ்சம்தான். இதை வேறு எந்தப் பெயரால் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே விருப்பம் உள்ள இரண்டு பேருக்கு ஒரே சக்திதான் வருமா?

வராது. கிரிக்கெட் பைத்தியமான அண்ணன் தம்பி இரண்டு பேர் வருகிறார்கள். அண்ணனுக்குப் பந்து எங்கே குத்தும் என்று முன்கூட்டியே தெரியவேண்டும். தம்பிக்கு, தொலைந்த பந்துகள் எல்லாம் எந்தப் பற்றைக்குள், எந்தக் கூரையில் கிடக்கின்றன என்று தெரியவேண்டும். பந்து தொலைந்தால் ஆட்டம் முடிந்துவிடுகிறதே என்பதுதான் அவனுடைய துக்கம்.

பிள்ளை எரிக்கிற, அடிக்கிற சக்தி கேட்டால் என்ன செய்வது?

பயப்படத் தேவையில்லை. உள்ளே என்ன விருப்பம் இருக்கிறது என்று கேளுங்கள். ஒருவன் எல்லாவற்றையும் எரிக்கவேண்டும் என்றான். கேட்டுக்கொண்டு போனால், 1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் தாக்கியபோது எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்த கதையை வீட்டில் அம்மப்பா அடிக்கடி சொல்லியிருக்கிறார். பெடியனுக்கு நெருப்பின்மேல் ஒரு பெரிய வியப்பு. அது எப்படிப் பாய்கிறது, ஏன் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடிக்கிறது. கடைசியில் அவனுக்கு அமைந்த சக்தி, எந்த நெருப்பைப் பார்த்தாலும் அது அடுத்து எதைத் தொடப்போகிறது என்று தெரிவது. எரிக்கிற கதையை அவன் பிறகு எடுக்கவே இல்லை.

இதனால் படிப்புக் கெடாதா?

பெற்றோர் எல்லாரும் கேட்கும் கேள்வி இது, கேட்பதில் பிழையும் இல்லை. பரீட்சை இருக்கிறது, ரியூசன் இருக்கிறது. இந்த விளையாட்டுக்குக் கிழமையில் ஒரு மணித்தியாலம்தான் போகிறது. அந்த நேரத்தில் ஒரு பிள்ளை சத்தத்தின் வேகத்தைக் கணக்குப் போட்டது, இன்னொன்று கல்வெட்டில் எழுத்துக்கூட்டிப் பார்த்தது. இதைப் புள்ளிக்காகச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுகிறேன்: பிள்ளை தன் சக்தியைச் சொல்லும்போது "அப்ப நீ டொக்டராகலாம், என்ஜினியராகலாம்" என்று உடனே வேலையாக மாற்றிவிடாதீர்கள். அந்த நிமிஷமே முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சோகமான சக்தியைக் கேட்டால்?

கேட்பார்கள். நமது ஊரில் கேட்காமல் இருக்கமாட்டார்கள். யுத்தம் பார்த்த ஊர், 2004 டிசம்பர் 26 பார்த்த ஊர்.

உடுப்புத் தைக்கும் ஒரு அக்கா வருவார். யாரும் கேட்காமல் தானாகவே ஒரு நாள் சொன்னார். உடுத்த துணியைத் தொட்டால் அதைக் கடைசியாக உடுத்தவரின் உடம்பு எப்படி இருந்தது என்று கைக்குத் தெரியவேண்டும். தோள் எவ்வளவு அகலம், முழங்கை எங்கே மடியும், எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பார். தையல்காரருக்கு இயல்பாக வரக்கூடிய ஆசை. நானும் வழக்கம்போல எல்லை என்ன என்று கேட்டேன். "தோய்க்காத துணியாக இருக்கவேணும்" என்றார். அவருடைய தம்பியின் சேட் ஒன்று வீட்டில் இருக்கிறதாம். அவர் காணாமல் போய்க் கனகாலம். அம்மா அந்தச் சேட்டைத் தோய்க்கவே விடவில்லையாம்.

விலை என்ன என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு சட்டி அம்மா எழும்பிப் போய் எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

அப்படி ஒருவர் சொல்லும்போது திருத்தாதீர்கள், ஆறுதல் சொல்லவும் அவசரப்படாதீர்கள். அந்தச் சக்தியைச் சொன்னபடியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அக்கா அடுத்த கிழமையும் வந்தார்.

வீட்டில் தனியாகச் செய்யலாமா?

தாராளமாக. ஒரு கொப்பி போதும். ஆனால் சத்தமாக ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது எந்த இடத்தில் கை தானாக அசைகிறதோ அங்கேதான் விருப்பம் இருக்கிறது. ஒரே நாளில் முடித்துவிடவும் வேண்டாம். நல்ல சக்தி எல்லாம் இரண்டு மூன்று கிழமை ஊறித்தான் வந்திருக்கிறது.

ரீச்சர், உங்களுடைய சக்தி என்ன?

பிள்ளைகள் ஒவ்வொரு கிழமையும் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர்ச்சொற்கள் என்றால் பைத்தியம். மீனவர் பருவத்துக்குப் போட்டுத் தங்கும் கொட்டிலுக்கு வாடி, வலை இழுக்கும்போது பாடுவது அம்பா, ஒரே கச்சான் காற்றுக்கும் பெயர் கடலைக்கும் பெயர். சித்திரக் கொப்பியின் ஓரமெல்லாம் சொல்லாகத்தான் கிடக்கும். என்னுடைய சக்தி, ஒரு பழைய சொல்லை அது புழங்கிய இடத்தில் நின்று சொன்னால், அங்கே அதைக் கடைசியாகச் சொன்னவர் அப்போது என்ன பார்த்துக்கொண்டிருந்தாரோ அது எனக்குத் தெரியும். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு ஒரு வருஷத்துக்கு அந்தச் சொல்லை நான் வாயால் சொல்லக்கூடாது.

கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு பிள்ளை கேட்டாள், "வாப்பா சின்ன வயசில பாதையில போனெண்டு சொல்றார், அது ரோட்டுத்தானே ரீச்சர்?" 2009இல் 396 மீட்டர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளை அவள். அதற்கு முன்பு ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோன மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். ஒரு சனிக்கிழமை அவளையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னேன். பிறகு கொப்பியை எடுத்து மளமளவென்று வரைந்தேன். ஈரப் பலகை, செருப்பைத் தூக்கிப் பிடித்த ஒரு கை, சாய்த்து வைத்த ஒரு சைக்கிள், அதன் சில்லில் சொட்டும் தண்ணீர்.

பிள்ளை எட்டிப் பார்த்தாள். "இது வாப்பாட சைக்கிள் இல்ல ரீச்சர். வாப்பாட சைக்கிளுக்கு முன்னுக்குக் கூடை இருந்ததாம்."

கூடையையும் போட்டேன்.